துரைசாணிக்கு வந்த முதல் கருத்து

ஊரடங்கு போட்ட அன்று என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமா? நல்லது கெட்டது கேட்க வராத ஆட்களுக்கு இதற்கு மட்டும் காது நீண்டுவிடுகிறது. சரி, கேட்டுத் தொலையுங்கள்.

கண்டி டவுனில் ஒரு பெண்கள் சங்கம் இருந்தது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள் நாங்கள் சிலர் அதில் இருந்தோம். எங்கள் கதையை உலகம் படிக்க வேண்டும் என்று சங்கத்தார் ஒரு வலைப்பூ தொடங்கினார்கள். பூ என்றதும் எங்கள் காதில்தான் வைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் இல்லை. நாங்கள் சொல்லச் சொல்ல, சங்கத்துக் கந்தோரில், அதுதான் ஆபீசில், வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை கம்பியூட்டரில் அடிப்பாள். ஒவ்வொன்றின் அடியிலும், "உங்கள் வீட்டில் எப்படி?" என்று ஒரு கேள்வி போடுவாள். வாசிக்கிறவர்கள் பதில் எழுத வேண்டுமாம். ஒருத்தரும் எழுதவில்லை.

என் முறை வந்தது. தேங்காய் ரொட்டி சுடுவதைச் சொன்னேன். படமும் எடுத்துப் போட்டார்கள். படத்தைப் பார்த்த என் மகள், தோட்டத்துப் பெரிய துரையின் சம்சாரம் மாதிரி நிற்கிறேன் என்று சிரித்தாள்.

"என்ன துரைசாணி, இனிமே கொழுந்து எடுக்கப் போவீங்களா, இல்ல பங்களாவுக்குத்தானா?"

"வாய் பேசாம ஒரு பதில எழுதிப் போடேன்டி. சங்கத்துல கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"ஒங்ககிட்ட வீட்டுல பேசுறதே பத்தாதா?" என்று சொல்லிவிட்டு அக்குறணைக்கு வேலைக்குப் போனாள். அங்கே ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் அவளுக்கு வேலை.

இரண்டு கிழமை கழித்து, அவள் வேலைக்குப் போன ஒரு நாள்தான் கலவரம் வந்தது. முஸ்லிம் ஆட்களின் கடைகளை எரிக்கிறார்கள் என்றார்கள். ஊரடங்கு விழுந்தது. புரளி பரவுகிறது என்று போனில் படமும் செய்தியும் அனுப்புகிறதையெல்லாம் அரசாங்கம் நிறுத்திவிட்டது. மகளின் நம்பரை அழுத்தினால் ஒரு பெண், ஆள் இல்லை என்று மூன்று பாஷையிலும் சொன்னாள். அவளை நான் திட்டிய திட்டு ஒரு பாஷையில்தான்.

அன்றைக்கு அவள் வரவில்லை. லயமே என் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது. வழக்கமாக நான் ஏதாவது சொல்லி அவர்களைச் சிரிக்க வைப்பேன். அன்று வாய் வரவில்லை.

மறுநாள் காலை போன் அடித்தது. மகள் இல்லை, சங்கத்துப் பிள்ளை.

"அம்மா, உங்கட ரொட்டிக்குக் கீழ ஆரோ நக்கல் எழுதியிருக்கினம். இந்த நேரத்தில கூடாத கதை ஒண்டும் விடக்கூடாதெண்டு சங்கத்தில சொல்லியிருக்கினம். அழிச்சுவிடட்டோ?"

"என்னான்னு எழுதியிருக்கு?"

"துரைசாணி அம்மா எண்டு தொடங்குது. உங்களைப் பழிக்கிற மாதிரிக் கிடக்கு."

நான் கதிரையைத் தேடி உட்கார்ந்தேன்.

"அழிச்சிராத தாயி. அது எம் மக. மிச்சத்தப் படி."

அவள் படித்தாள். "துரைசாணி அம்மா, ரொட்டிக்கு உப்பு சொல்ல மறந்துட்டீங்க. நான் முதலாளி வீட்டு மாடியில அவங்க பிள்ளைகளோட நல்லா இருக்கேன். ஓடி வந்ததுல போன் ஒடஞ்சிருச்சு. நம்பர் எல்லாம் அதுக்குள்ளயே போச்சு. சங்கத்துப் பேர் மட்டும்தான் ஞாபகம் இருந்துச்சு, அதத் தேடி முதலாளி வீட்டுக் கம்பியூட்டர்ல எழுதுறேன்."

பிறகு அந்தப் பிள்ளை மெல்லச் சொன்னாள்: "அம்மா, எங்கட வலைப்பூவுக்கு வந்த முதல் கருத்து இதுதான்."

"அப்ப பதில் போடு. உப்ப வேணும்னேதான் விட்டேன், எவளாவது கேக்குறாளான்னு பாக்கன்னு."

"ஓம் அம்மா, போடுறன்." அவள் குரலில் மூக்கடைப்பு. கருத்தோடு மகள் போட்டிருந்த ஈமெயிலுக்கு என் நம்பரைத் தனியாக அனுப்பினாள். தேத்தண்ணி ஆறுவதற்குள் முதலாளி வீட்டுப் போனிலிருந்து மகள் பேசிவிட்டாள்.

வாசலுக்கு வந்தேன். அத்தனை முகமும் என் வாயையே பார்த்தது. சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராக்காரி, "என்னக்கா சேதி?" என்றாள்.

"என்ன சேதி. ஊரு எரியுது, ஊரடங்கு போட்டிருக்கு, எம் மகளுக்கு ரொட்டியில உப்பு இல்லைன்னு கவல. போங்கடி, போய் அடுப்பப் பத்த வைங்க."