ஏழாவது போல்ட்

இது நடந்தது. கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கெஞ்சிக் கூத்தாடி நம்பவைக்க எனக்குப் பொறுமை கிடையாது. பேய் என்றால் நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்று காத்திருப்பவர்களும் போகலாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில். ஜூலை பதினொன்றாம் தேதி, மதியம் 1.40 முதல் மாலை 5.35 வரை. சுவரில் கடிகாரம் இருந்தது, பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

என் பெயர் தாக் குவாங்சு. கொரியாவின் கங்வோன் மலைமேட்டில், கணவாய்ச் சாலையோரம் முப்பது வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். முட்டைக்கோஸ், மீன் ஏற்றும் ஒரு டன் டீசல் பிக்கப்புகள்தான் என் பிழைப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் வரை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அப்புறம் ஒரு சாவு. டிசம்பர் மாதம், மான்ஷிக் அண்ணனும் அவர் மனைவி போங்ரே அக்காவும் காயப்போடும் மீனை நீலப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு கணவாய் ஏறினார்கள். ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் எஞ்சின் இறுகி நின்றது. எஞ்சின் போனால் ஹீட்டரும் போச்சு. அங்கே போனில் சிக்னல் எடுக்காது. அண்ணன் உதவி தேடிப் பனியில் கீழே நடந்தார். அக்கா சீட்டில் காத்திருந்தாள். ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது உட்கார்ந்தபடியே விறைத்துக் கிடந்தாள்.

அந்த வண்டிக்கு இரண்டு வாரம் முன்புதான் நான் புது வாட்டர் பம்ப் மாட்டியிருந்தேன். அவ்வளவுதான். "குவாங்சு மாட்டின பம்புதான் அவளக் கொன்னுச்சு" என்று ஊரே பேசியது. ஒரு பயல் அந்தப் பம்பைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தீர்ப்பு! அண்ணன் வண்டியை விற்றுவிட்டு நகரத்துக்குப் போய்விட்டார். என் வாசலில் புல் முளைத்தது. அன்றிலிருந்து எனக்கு எல்லார் மேலும் கோபம். உங்கள் மேலும்தான்.

சரி, அன்றைக்கு வருகிறேன்.

மூடுபனி இறங்கி எதிர்ப்பக்கச் சாலையே தெரியவில்லை. 1.40-க்கு ஆவி கக்கியபடி ஒரு வெள்ளைப் பிக்கப் உள்ளே வந்தது. ஓட்டி வந்தவன் மோ யுன்சோப். போன மாசம்தான் மேல்வயலைக் குத்தகைக்கு எடுத்து ஊருக்கு வந்த பையன். என் கதை தெரியாதவன். தெரிந்திருந்தால் ஏன் வரப்போகிறான்?

"அண்ணே, தண்ணி ஒழுகுது. வாரத்துக்கு ரெண்டு தடவ ஊத்துவேன். இன்னிக்கு ஊத்த ஊத்த நிக்கவே மாட்டேங்குது."

"ஊத்திக்கிட்டே இருக்கிறதுக்கு இது வண்டியா, பூச்செடியாடா?"

"திட்டாதீங்கண்ணே. பொண்டாட்டிக்கு எட்டு மாசம். பிரஷர் ஏறிடுச்சு, இன்னிக்கே வந்து சேருங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. சாயந்தரம் கணவாய் இறங்கணும்."

"இந்த ஓட்டை வண்டியிலயா? அவள உக்கார வச்சுக்கிட்டா?"

"வேற வண்டி ஏதுண்ணே?"

கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. ஆனால் அந்த முகத்தில் பயம் அப்பிக் கிடந்தது. "அஞ்சு மணிக்கு மேல அவளக் கூட்டிக்கிட்டு வா. புதுப் பம்பு மாட்டி வைக்கிறேன். போ" என்று விரட்டினேன். பத்து நிமிஷ நடையில் வீடு. மூடுபனிக்குள் மறைந்தான். ஒர்க்‌ஷாப்பில் நான் மட்டும்.

இந்த வண்டிகளில் எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கும். பக்கத்து சீட்டை மேலே தூக்கினால்தான் பம்ப் கண்ணில் படும். எஞ்சின் சூடு தணியட்டும் என்று விட்டுவிட்டு, 2.10-க்கு அந்தப் பக்கக் கதவைத் திறந்தேன். ஆளில்லாத சீட்டில் பெல்ட் போட்டிருந்தது. பையன் கூடை எதையாவது வைத்துக் கட்டியிருப்பான் என்று பட்டனை அழுத்திக் கழற்றிவிட்டு, ஸ்பேனர் எடுக்கத் திரும்பினேன்.

டக்.

பெல்ட் மறுபடி போட்டிருந்தது.

ஸ்பிரிங் கெட்டுப்போயிருக்கும் என்று வண்டி விற்ற புரோக்கரை நாலு கெட்ட வார்த்தை திட்டினேன். திரும்பக் கழற்றினேன். இந்தத் தடவை திரும்பவில்லை, அதையே முறைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. மூக்கில் வியர்வை அரித்தது. துடைக்கக் கண்ணை மூடிய அந்த ஒரு நொடியில்...

டக்.

2.16. கத்தியால் பெல்ட்டை அறுத்தே எறிந்தேன். வேறு பெல்ட் அலமாரியில் கிடக்கிறது, கடைசியில் மாட்டிவிட்டால் போச்சு. சீட்டின் கொக்கியை விடுவித்துத் தூக்கினேன். வரவில்லை. ஆயிரம் தடவை ஒற்றைக் கையால் தூக்கிய சாமான் அது. இரண்டு கையாலும் இழுத்தேன். அடியில் ஸ்பிரிங்குகள் முனகின. ஆள் உட்கார்ந்திருக்கும்போது முனகுமே, அப்படி.

கொக்கி துரு என்று எண்ணெய் விட்டேன். கம்பி போட்டு நெம்பினேன். காலால் உதைத்தேன். இருபது நிமிஷம் மல்லுக்கட்டியும் ஒரு விரல்கடை எழும்பவில்லை.

2.40. சீட்டின் மேல் கையை ஊன்றினேன். ஐஸ் பெட்டிக்குள் விட்டது போல் விரல் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தேன். ஜூலை மாதத்தில் என் வாயிலிருந்து ஆவி வந்தது.

2.52. ஒரு வாசனை. உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு. இறக்கிய சூட்டோடு... பக்கத்தில் அடுப்பும் இல்லை, வீடும் இல்லை.

எனக்குப் பயம் வந்தால் கூடவே கோபமும் வரும்.

"யாரு அது?" என்று கத்தினேன்.

தகரக் கூரையில் பனி சொட்டும் சத்தம் மட்டும்.

"யாரா இருந்தாலும் எந்திரிங்க! ஒரு புள்ளத்தாச்சி இதுல உக்காந்து மலை இறங்கணும். எனக்கு வேலை கெடக்கு!"

கிரீச்.

ஒரு ஸ்பிரிங் விட்டது.

கிரீச்... கிரீச்...

ஒவ்வொன்றாக விட்டன. மெதுவாக. முழங்கால் வலிக்கிறவர்கள் கையை ஊன்றி எழுந்திருப்பது போல.

சீட் தானாக ஒரு சாண் மேலே வந்தது.

மணி 3.04.

ஓடியிருக்கலாம். ஓடவில்லை. சீட்டை முழுக்கத் தூக்கி டார்ச் அடித்தேன். பம்பின் போல்ட்டுகள் மேல் மஞ்சள் கோடுகள். ஒரு போல்ட்டை முழுக்க முறுக்கியதும் பெயிண்ட் பேனாவால் அதன் தலைமேல் நான் ஒரு கோடு போடுவேன். கோடு இருந்தால் முறுக்கியாச்சு. கோட்டின் கடைசியில் ஒரு சுழி, அது என் கை. வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டினேன். அடியில் நீலம். மான்ஷிக் அண்ணனின் வண்டி! எஞ்சினின் மேல்பாகத்தை மட்டும் ரிப்பேர் பார்த்து, பம்பில் கை வைக்காமலே விற்றிருக்கிறார்கள்.

எனக்கு வந்தது பயமில்லை, சந்தோஷம். வெட்கம் கெட்ட சந்தோஷம். மூன்று வருஷமாக நான் கேட்டது இதைத்தானே? என் பம்ப் ஒழுங்கு என்று இப்போது ஊருக்கே காட்டலாம். பம்ப் கெட்டால் அதன் அடியிலுள்ள சின்னத் துளையில்தான் தண்ணீர் சொட்டும். துளையைத் தடவினேன். காய்ந்து கிடந்தது. என் பம்ப் கெடவில்லை!

பிறகு ஏன் ஒழுகுகிறது?

தண்ணீர்த் தடத்தை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். ஜெனரேட்டரைத் தாங்கும் இரும்புப் பட்டைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத மூலை. பம்பின் ஏழாவது, கடைசி போல்ட். கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். மஞ்சள் கோடு இல்லை. விரலால் திருகினேன்... சுற்றியது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பம்ப் மாட்டிய அன்று அந்த போல்ட்டைக் கையில் வைத்திருந்தேன். போங்ரே அக்கா மூடிய சட்டியோடு வாசலில் நின்று, "குவாங்சு, சூடு ஆறுறதுக்குள்ள வாடா. வேலை எங்கயும் ஓடிப்போவாது" என்றாள். வேலைக்கு நடுவே கொண்டுவந்த தீனியைச் சூட்டோடு தின்னாவிட்டால் எங்கள் பக்கம் அது கொண்டுவந்தவளை அவமதிப்பது. போல்ட்டை விரலால் திருகிவிட்டு எழுந்து போனேன். நான்கு கிழங்கு தின்றேன். திரும்பி வந்து சீட்டை இறக்கினேன். மூன்று வருஷமாக ஊரைத் திட்டினேனே... ஊர் சொன்னது சரி. கொன்றது நான்தான்.

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர்கள் ஐந்து மணிக்கு வருவார்கள். பழையதைக் கழற்றினேன். ஒட்டிய பேக்கிங்கைச் சுரண்டினேன். புதுப் பம்பை மாட்டினேன். முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று பார்ப்பது போலவே இருந்தது. விட்டால் போதும் என்று முறுக்கினேன், கோடு போட்டேன், சீட்டை இறக்கினேன். கூலண்ட் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

5.20-க்கு யுன்சோப் மனைவியோடு வந்தான். தான்பி என்று பெயர். வீங்கிய காலோடு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஏறவில்லை.

"அண்ணே, அந்த ஏழாவது போல்ட்ட முறுக்கிட்டீங்களா?"

நீட்டிய சாவியை இழுத்துக்கொண்டேன்.

"யாரும்மா சொன்னது?"

"உங்க வீட்டு அக்காதான். போன் பண்ணாங்களே... 'அவன் அவசரத்துல ஒன்ன விட்ருவான், அத முறுக்கினதும் ஏறும்மா'ன்னாங்க."

எனக்கு மனைவி கிடையாது. இவர்களின் போன் எண் எனக்கே தெரியாது.

"எப்போ?"

போனைப் பார்த்தாள். "நம்பர் விழல. மூணு அஞ்சுக்கு." பிறகு மெதுவாக, "அவங்களுக்கு உடம்பு சரியில்லையாண்ணே? பல்லு கிடுகிடுன்னு ஆடிச்சு, குளிருல நிக்கிற மாதிரி."

3.05. அப்போது நான் பழைய பம்பையே கழற்றவில்லை.

சீட்டைத் தூக்கினேன். கூடை போல் லேசாக வந்தது. டார்ச் அடித்தேன். ஆறு கோடுகள். பட்டைக்குப் பின்னால் கையை விட்டேன்.

சுற்றியது.

முறுக்கினேன். கோடு போட்டேன். இருவரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். 5.35-க்கு அவர்கள் கிளம்பினார்கள். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த ஞாயிறு நகரத்துக்குப் போய் மான்ஷிக் அண்ணன் முன்னால் மண்டியிட்டேன். போல்ட்டைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். பேயைப் பற்றியோ, போனைப் பற்றியோ வாயே திறக்கவில்லை. அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சிகரெட்டைப் பற்றவைத்தார்.

"தெரியும்டா" என்றார். "அன்னிக்கு அவள விட்டுட்டு நான் நடக்கக் கிளம்பறப்பவே சொன்னா. 'குவாங்சுவத் திட்டாதீங்க. நான்தான் அவன நடுவுல கூப்பிட்டேன். ஒரு போல்ட்ட முறுக்காம வந்துட்டான், நான் பாத்தேன். போன் பண்ணிச் சொல்லணும்னு நெனச்சேன், மறந்தே போயிட்டேன்'னு."