விஜயலெட்சுமியின் தூக்குச்சட்டி

விஜயலெட்சுமியிடம் சோற்றுக்கு அளவு சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடமாகக் கொழுந்து பறிக்கிறவள். மலையில் ஏறிவிட்டால் மற்றவர்கள் அவள் முதுகைத்தான் பார்க்க வேண்டும். அப்பேர்ப்பட்டவளிடம் கிளினிக்கில் நர்ஸ் முஷ்ரிபா மிஸ் ஒரு சின்னக் கிண்ணத்தைக் காட்டினாள்.

"ஒரு வேளைக்கு இவ்வளவு சோறுதான். அடுத்த மாசமும் ரத்தத்துல சீனி குறையாட்டி, மலை ஏற வேணாம்னு டொக்டர் கடிதம் குடுத்துருவார்."

மலை ஏறாமல்? உட்கார்ந்து விளக்குமாறு கட்டுவதா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மலையை விட மனமில்லாமல், மாத்திரையை விழுங்கி, பத்து நாள் அந்தக் கிண்ணச் சோற்றையே தின்றாள். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் கால் வெடவெடத்தது. அந்தியில் லயத்து வீட்டுக்கு வந்ததும் தேங்காய் ரொட்டி நாலை ஒரே மூச்சில் உள்ளே தள்ளினாள். அப்புறம் ஐந்தாவது.

பதினோராம் நாள் வீட்டில் கோதுமை மா தீர்ந்துபோனது. மாலையில் ரொட்டி கிடையாது. பசிக்குப் பயந்து, வேலியில் காய்த்த மேரக்காய், அரை முட்டைக்கோவா, ஒரு கட்டுக் கீரை எல்லாவற்றையும் பருப்புத் தண்ணீரில் வேகவைத்து, கிண்ணச் சோற்றோடு தூக்குச்சட்டி நிறைய அடைத்துக்கொண்டு போனாள். அன்று மாலை கொழுந்து நிறுக்கும்வரை பசி எட்டிப் பார்க்கவில்லை. சோறு அதே சோறுதான். இந்த வயிறு கேட்டது நிறைவைத்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அடப் பாவி வயிறே, இத்தனை நாள் சும்மா படுத்தினாயே!

மறுநாளிலிருந்து தினமும் அதே சட்டிதான். பக்கத்து நிரையில் பறிக்கும் சிவசக்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அக்கா, மாட்டுக்குப் போட வேண்டியத மாத்திக் கொண்டாந்துட்டீங்களா?"

"ஆமாடி. மாடு மாதிரிதான வேல செய்றேன்? மாடு மாதிரியே திங்கிறேன், போ."

சிரித்தவர்கள் சிரிக்கட்டும் என்று கடைசிக் கீரைத்தண்டு வரை வழித்துத் தின்றாள். ரொட்டி ஐந்திலிருந்து ஒன்றாயிற்று. கொழுந்து நிறுவையில் சாக்கின் எடைக்கென்று கணக்கப்பிள்ளை இரண்டு கிலோ கழிக்கும்போது, "வெறுஞ்சாக்கு எங்கங்க ரெண்டு கிலோ இருக்கு?" என்று சண்டை பிடிக்கவும் தெம்பு மிச்சமிருந்தது.

அடுத்த கிளினிக்குக்கு, அங்கிருந்து நேரே மலைக்குப் போக, சட்டியையும் எடுத்துக்கொண்டே போனாள். சீனி நன்றாக இறங்கியிருந்தது. கடிதம் இல்லை. முஷ்ரிபா மிஸ்ஸுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பாத்தீங்களா? நான் சொன்ன மாதிரி வாயக் கட்டிக் கொஞ்சமாச் சாப்பிட்டதுதான் காரணம்."

வாயைக் கட்டினாளாமா? பத்து நாள் பட்டினியும் சிவசக்தியின் சிரிப்பும் விஜயலெட்சுமியை உசுப்பிவிட்டன.

"யாருங்க மிஸ் கொஞ்சமாச் சாப்பிட்டது?"

மேசை ஓரத்தில் கைக்குழந்தைகளை நிறுக்கும் தராசு இருந்தது. தூக்குச்சட்டியைத் தூக்கி அதன் நடுவில் வைத்தாள். முள் ஓடிப்போய் இரண்டு கிலோவில் நின்றது. மூடியைத் திறந்தாள். கீரையும் கோவாவும் ஆவி பறக்க விளிம்புவரை நிறைந்திருந்தன.

"சட்டிக்கு அரைக் கிலோ கழிச்சுக்குங்க. அதுக்கு மேல ஒரு கிராம் கழிக்க விட மாட்டேன். மிச்சம் பூரா நான் திங்கிறது. அப்படியே எழுதுங்க மிஸ்."