மாமா கொடுத்த கார் ஆயில்

எனக்குக் காது குத்தியபோது மாமாவின் மடியில் உட்கார வைக்கவில்லை என்பதால் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. அன்றைக்கு அவர் வரத் தாமதமாகிவிட்டது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று அப்பா என்னைத் தூக்கி, அம்மாவின் பெரியப்பா மகன் மடியில் வைத்துவிட்டார். மாமா பந்தலுக்குள் நுழையும்போது என் காதில் கம்மல் ஏறியிருந்தது. சாப்பிடாமல் திரும்பியவர் அப்புறம் எங்கள் ஊரான கிருமாம்பாக்கம் பக்கமே வரவில்லை. இதெல்லாம் பிறர் சொல்லிக் கேட்டதுதான்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் திடீரென்று வந்து வாசலில் நின்றார். புதுச்சேரியில் ஒரு டாக்டருக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். கையில், சீல் உடைக்காத ஆயில் கேன் ஒன்று இருந்தது.

"காருக்கு ஊத்துற ஆயில், மாமா. உசந்தது. உங்க வண்டிக்கு ஊத்துங்க, சும்மா வழுக்கிக்கினு போவும்" என்று அப்பாவிடம் நீட்டினார்.

"எதுக்கு மச்சான் இதெல்லாம்" என்று அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலமே மோட்டார் சைக்கிளின் பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புதியதை ஊற்றினார். மாமா பக்கத்தில் குந்திப் புனலைப் பிடித்துக்கொண்டார். அத்தனை வருடம் கழித்துச் சந்தித்த இருவரும், பழைய ஆயில் எவ்வளவு கறுத்துப்போயிருக்கிறது என்பதைப் பற்றி மட்டுமே பேசினார்கள்.

சில நாள் கழித்து பாகூரில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டோம். முன்னால் டேங்க்கின் மேல் நான், பின்னால் பட்டுப்புடவையில் அம்மா. சமதரையில் வண்டி ஒழுங்காகத்தான் போனது. ஏரிக்கரை மேட்டில் ஏறும்போதுதான் அதற்கு என்னவோ ஆகிவிட்டது. அப்பா ஆக்சிலேட்டரைத் திருகத் திருக இன்ஜின் அலறியது, வண்டி மட்டும் நகரவில்லை. சத்தம் அவ்வளவு இருந்தால் வேகமும் அவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் அதுவரை எனக்குத் தெரிந்த கணக்கு. இறங்கினோம். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். எங்களைத் தாண்டிப்போன டிராக்டர்காரர், "இன்னாபா, லோடு ஜாஸ்தியா?" என்று கேட்டுச் சிரித்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது.

மறுநாள் மெக்கானிக் கடைக்கு என்னையும் அழைத்துப்போனார் அப்பா. வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த மெக்கானிக் முதலில் கேட்டது, "இன்னா ஆயில் ஊத்துன?"

அப்பா சொன்னார்.

"கார்ல கிளட்ச் வெளிய காஞ்சி கெடக்கும். இதுல ஆயிலுக்குள்ளயே ஊறிக் கெடக்குது. கார் ஆயில் வழவழன்னு இருக்கும், பிளேட்டு ஒன்ன ஒன்னு புடிக்காம வழுக்கும். இஞ்சின் சுத்தும், சக்கரத்துக்கு இழுவ போவாது. யாரு சொன்னது உனக்கு இத ஊத்தச் சொல்லி?"

"நானாதான் ஊத்துனேன்" என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமா சொன்னதை நான் என் காதால் கேட்டிருந்தேன். அப்பாவின் சட்டையை இழுத்தேன். அவர் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். ஆயிலை மாற்றி, கிளட்ச் பிளேட்டையும் புதிதாகப் போட்டுக்கொண்டு திரும்பினோம்.

அடுத்த முறை மாமா வந்தபோது பனித்திட்டுக் கடற்கரையிலிருந்து மீன் வாங்கி வந்திருந்தார். இன்னொரு கையில் அதே மாதிரி ஒரு ஆயில் கேன்.

"வண்டி எப்பிடி மாமா ஓடுது?"

"இன்னா ஓட்டம்ங்கிற மச்சான். புது வண்டி தோத்துடும்."

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. வண்டி மேடு ஏறாததையும், அம்மா நடந்ததையும், பிளேட் மாற்றியதையும் அப்பா மறந்தே விட்டாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. நினைவூட்டலாம் என்று, "மாமா, அந்த ஆயிலாலதான்..." என்று ஆரம்பித்தேன். அம்மா எங்கிருந்தோ வந்து, உப்பு வாங்கி வரச்சொல்லி என்னைக் கடைக்கு விரட்டினாள். உப்பு ஜாடி நிறைய இருந்ததைக் காலையில்தான் பார்த்திருந்தேன்.

இரண்டாவது கேனை அப்பா வண்டிக்கு ஊற்றவில்லை. கதவுக் கீல், மோட்டார் கொட்டகைப் பூட்டு, என் சைக்கிள் செயின் என்று ஒவ்வொன்றாகத் தீர்த்தார். எங்கள் வீட்டில் அந்த வருடம் எந்தக் கதவும் கிறீச்சிடவில்லை. மாமா கேட்டபோதெல்லாம், ஆயில் வண்டிக்குள் போய்விட்டது என்றே சொன்னார். பொய் சொன்னால் என்னை வெளுத்துவிடுகிறவர், ஒரு ஆயிலுக்காக இத்தனை பொய் சொல்வதற்கு எனக்குக் காரணமே பிடிபடவில்லை.

அன்று நான் உப்போடு திரும்பியபோது அப்பாவும் மாமாவும் கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா இன்னொரு துண்டு மீன் கேட்டார். எடுத்துவரப் போன அம்மாவைத் தேடி அடுப்படிக்குப் போனேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய், மாமாவுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னேன்.

"அழுவாதம்மா. வண்டிதான் ரிப்பேர் பண்ணியாச்சில்ல."