ஜெகன் பார்க்காத வளைவு

ஜெகன் போய்விட்டான்.

பழைய ஆபீஸ் குரூப்பில் காலையில் யாரோ அவன் போட்டோவைப் போட்டிருந்தார்கள். பிறந்தநாள் என்று நினைத்துத்தான் திறந்தேன். கீழே படித்தால்... ஹார்ட் அட்டாக்காம். நேற்று சாயங்காலம்.

2006 வாக்கில் புனே மகர்பட்டாவில் நானும் அவனும் ஒரே டீம். நான் கோயமுத்தூரிலிருந்து வேலைக்குப் போனவள். அவன் அங்கேயே தாபோடியில் பிறந்து வளர்ந்த ஃபேக்டரித் தொழிலாளி வீட்டுப் பையன். அவன் பேசும் தமிழில் பாதி இந்தி, மீதியில் பாதி மராட்டி. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ கோயமுத்தூர்"தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்ணில் பைக் ஓட்டப் போவான். ஹடப்சரிலிருந்து சாஸ்வட் ரோட்டில் காட், அதாவது மலைப்பாதை, ஏறினால் ஒரு பொட்டல். மட்கார்டைக் கழற்றி, பெரிய பட்டன் டயர் போட்ட பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி. வேடிக்கை பார்க்கப் போனவள்தான் நான்... மூன்றாவது வாரம் ஹெல்மெட் வாங்கிவிட்டேன்.

நேராக ஓட்டுவதில் ஒரு பிரச்சனையும் இல்லை. இடது பக்கம் ஒரு வளைவு, அதன் ஓரத்தில் ஒரு பாறாங்கல். ஒவ்வொரு தடவையும் அந்தக் கல்லைப் பார்ப்பேன். பயந்து நடு வளைவில் பிரேக் பிடிப்பேன். விழுவேன்.

"அரே, பிரேக்லாம் திருப்பத்துக்கு முன்னாடியே முடிச்சிடணும். கல்லைப் பாத்தீன்னா கல்லுக்குத்தான் போவே. நான் அந்தாண்ட நிக்கிறேன், என்னைப் பாரு."

பார்த்தேன். சொன்ன பேச்சைக் கேட்டு அவனையே பார்த்தேன். வண்டி நேராக அவன் மேலேயே போய்விட்டது! வேலமுள்ளுக்குள் குதித்துத் தப்பித்தான். திங்கட்கிழமை மீட்டிங்கில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே பேசினான். மேனேஜர் கேட்டதற்கு, "பேக் பெயின் சார்."

அதற்கப்புறம் நன்றாகத் தள்ளி நிற்க ஆரம்பித்தான்.

பிறகு பாவ் பாடம். வடா பாவில் வடையை இவன் தின்றுவிட்டு, பாவ் பன்னை மட்டும் என் வலது முழங்காலுக்கும் டேங்குக்கும் நடுவில் வைப்பான். சீட்டில் முன்னால் நகர்ந்து, இடது காலை முன்சக்கரத்துப் பக்கம் நீட்டி, உடம்பு பாரத்தை வலது காலில் போட வேண்டும். முழங்கால் டேங்கை விட்டு விலகினால் பாவ் கீழே விழும்.

"விழுந்தா நீதான் துண்ணணும். மண்ணோட."

எத்தனை பாவ் விழுந்திருக்கும்... அந்தப் பக்கத்து நாய்களுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தெரியும்.

அந்தக் கடைசி ஞாயிறு. வெளிநாட்டு ப்ராஜெக்ட், எனக்கு வியாழக்கிழமை ஃப்ளைட். தூரத்தில் அவனுடைய சிவப்பு டிஷர்ட் மட்டும் தெரிந்தது. அதையே பார்த்து வளைவுக்குள் போனேன். உள்ளே பிரேக்கைத் தொடவில்லை. வண்டி சாய்ந்தது, மண் பறந்தது, வெளியே வந்துவிட்டேன். பாவ் வைத்த இடத்திலேயே இருந்தது. தொண்டை கிழியக் கத்தினேன்.

அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வர, இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு, "தாம்பா காகா, ஏக் மினிட்" என்று ஆட்டுக்காரரை நிற்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"பாத்தியாடா?"

"இல்லியே... ஒன்ஸ் மோர், ப்ளீஸ்."

எனக்கு வந்ததே கோபம்! நான் உயிரைக் கொடுத்து ஓட்டினால் இவன் ஆடு மேய்க்கிறான். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டேன்.

"போடா, முடியாது. திரும்பி வந்து காட்டறேன்."

"பக்கா?"

"பக்கா."

புனேவுக்குத் திரும்பிப் போகவே இல்லை. கல்யாணம், குழந்தைகள், ஊர் ஊராக வேலை. பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பினால் வருஷா வருஷம் அவனிடமிருந்து ஒரே பதில்தான். "வண்டி இருக்கு. ஆடு இல்ல. எப்ப வர்றே?"

சிரிப்பு எமோஜி போட்டுத் தப்பித்துக்கொள்வேன்.

எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். அவனிடம் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் இதைப் படிப்பார்... படிக்கட்டும்.

அன்றைக்கு இன்னொரு ரவுண்டு ஓட்டியிருக்கலாம். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ஜெகா... பாவ் விழலடா. நிஜமா விழல.

போய்ட்டு வா.