பாதி பதிந்த தாள்

எங்கள் கோயில் நோட்டீஸ்களைக் காஜா பேராங் வட்டாரத்தில் எங்கள் வீட்டில்தான் அச்சடிப்போம். என் கணவரின் ஆபீஸில் கழித்துப்போட்ட சைக்ளோஸ்டைல் நகல் மிஷின் எங்களிடம் இருக்கிறது. மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்தும், கம்யூனிஸ்ட் நோட்டீஸ் என்று சந்தேகப்பட்டாலே உள்ளே தள்ளும் அவசரகாலச் சட்டம் போகவில்லை என்பதை நான் மறந்தே போனேன்.

இந்தத் தடவை தீமிதி நோட்டீஸுக்கு மிஷினைத் துடைக்காமலே சுற்றினேன். பழைய மை காய்ந்து அடைத்திருந்ததால் சோதனைத் தாள்களில் மேல்பாதி பதியவே இல்லை. வீணாவானேன் என்று, கச்சாங் பூத்தே விற்கும் அண்ணனிடம் கடலை மடிக்கக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் வாசலில் போலீஸ் ஜீப்! தமிழ் இன்ஸ்பெக்டர் ஒருவர் கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். “மாலையில் தீ மூட்டப்படும். அனைவரும் திரண்டு வாரீர்!” என்று மட்டும் இருந்தது. அம்மன் பெயரே இல்லை.

“எங்கேம்மா தீ வைக்கப் போறீங்க?” என்றார்.

அவர் கண்ணெதிரே உருளையை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, மறுபடி சுற்றினேன். மேலே அம்மன் பெயர் தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

“நான் வந்ததால தப்பிச்சீங்க. இதை அப்படியே மொழிபெயர்த்து மேலே அனுப்பியிருந்தா, உள்ளேதான் இருந்திருப்பீங்க” என்றார்.

இப்போது வேலை முடிந்த கையோடு மிஷினைத் துடைத்துவிடுகிறேன். கடலைக்கார அண்ணன் இன்னும் காகிதம் கேட்கிறார். சோதனைத் தாள் ஒவ்வொன்றுக்கும் நானே அடுப்பில் தீ மூட்டிவிடுகிறேன்.