பார்க் எக்ஸ்டென்ஷன் நிலவறையில் ஒரு கிரேக்கப் பட்டினம்

மொன்றியலுக்கு வந்த பின் எனக்கு அது இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரைக்கு நானும் தம்பி ரஜீவனும் அவன் வீடு இருக்கும் பியர்பொன்ட்ஸில் பஸ் ஏறக் காத்து நின்றோம். மே மாதக் கடைசி. வீடுகளின் முன்னால் டியூலிப் பூக்கள் நிமிர்ந்து நிற்க, நான் குளிரில் குறுகிக்கொண்டிருந்தேன்.

"ஜக்கெட் சிப்பை இழுத்துப் பூட்டுங்க அக்கா. இஞ்சத்த வெயிலைப் பாத்து ஏமாறாதீங்க" என்றான் தம்பி.

அவனிடம் கார் இருக்கிறது. ஆனால் நாங்கள் போகவிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் கார் நிறுத்த இடம் கிடைப்பதும் லொத்தர் விழுவதும் ஒன்று என்பது அவன் கட்சி. ஆகவே தலைக்கு மூன்று டொலர் எழுபத்தைந்து சதம் கொடுத்துப் புறப்பட்டோம். இருபது கிலோமீற்றருக்கு மேல் தூரம். கோட்-வெர்த்து வரை பஸ், பிறகு மெற்றோ, ஸ்னோடன் நிலையத்தில் நீலப் பாதைக்கு மாற்றம்.

நாங்கள் போனது ஒரு கிரேக்க உதைபந்தாட்டக் கழகத்தைப் பார்க்க. கழகம் கிரேக்கத்தில் இருக்கிறது. அதன் ரசிகர் மன்றம் ஒன்று இங்கே இருக்கிறது. ரஜீவன் பாடசாலை பஸ் ஓட்டுகிறான். அவனோடு அதே வேலை பார்க்கும் டெஸ்பினா என்ற பெண்தான் அந்த மன்றத்தின் தலைவி. நான் மட்டக்களப்பில் விளையாட்டு ஆசிரியை, போட்டிகளுக்கு நடுவராகவும் நிற்பவள் என்று கேள்விப்பட்டதும், "கட்டாயம் கூட்டிக்கொண்டு வா. எங்கட ஆக்களுக்கு ஒரு நடுவரை நேரில பிடிச்சுத் திட்டவேணும் எண்டு கனகால ஆசை" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

கழகத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு இப்போது இரண்டு பெயர்கள். எதை எழுதினாலும் அந்த மன்றத்தில் பாதிப்பேர் என்னோடு கோபிப்பார்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

ஒன்பதரைக்கு பார்க் நிலையத்தில் இறங்கி நடந்தோம். புடவைக் கடை, மரக்கறிக் கடை, மூலையில் தெப்பனர் என்று இங்கே சொல்லும் சில்லறைக் கடை, அதை ஒட்டிக் கிரேக்க எழுத்தில் பெயர் போட்ட பேக்கரி. எங்கோ கறிவேப்பிலை தாளிக்கும் மணம். ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தின் முன்னால் நீலக் கார் ஒன்று நின்றது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் அதன் பின்கதவைத் திறந்து, கீரை வைத்துச் சுட்ட பலகாரம் நிறைந்த பெரிய தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தார்.

"வாங்கோ, வாங்கோ. கெதியா, கெதியா!" என்றார்.

நான் திகைத்து நின்றுவிட்டேன். இனி இவர்களோடு வரும் உரையாடல்கள் ஆங்கிலத்தில் நடந்தவை, என் தமிழில் தருகிறேன். இந்த வரி மட்டும் அவர் வாயிலிருந்து வந்த தமிழேதான். டெஸ்பினாவின் அப்பா ஸ்டாவ்ரோஸ். பல வருடம் உணவகச் சமையலறையில் யாழ்ப்பாணத்துப் பெடியங்களோடு நின்று வேலை செய்தவர். விரைவாக என்று பொருள்படும் 'கெதியா'தான் அங்கே அதிகம் கேட்ட சொல் என்று சிரித்தார்.

தட்டுகளைப் படி வரைக்கும் கொண்டுவந்து தந்தார். உள்ளே வரவில்லை. காருக்குத் திரும்பிப் போய் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"அப்பா உள்ள வரமாட்டார்" என்றாள், எங்களை வரவேற்க வாசலுக்கு வந்த டெஸ்பினா. "ஒவ்வொரு போட்டிக்கும் சமைச்சுக்கொண்டு வருவார். முடியுமட்டும் காருக்குள்ள இருப்பார். கேட்டால், இடம் கிடைக்காது, காரை விட்டுட்டு வரேலாது எண்டுவார்."

"கார்தான் நிக்குதே?" என்றான் ரஜீவன்.

"ஓம். நிக்குதுதான்."

நிலவறைக்குள் இறங்கினோம். தாழ்ந்த கூரை, மடக்குக் கதிரைகள், சுவரில் பெரிய திரை. ஐம்பது பேருக்குக் குறையாது. மற்ற மூன்று சுவர்களிலும் ஓர் அங்குலம் விடாமல் படங்கள். டெஸ்பினா என்னை முதல் படத்தின் முன் நிறுத்தினாள். பதினொரு பேர். ஒருவன் காலில் இராணுவச் சப்பாத்து, ஒருவன் வெறுங்கால். சட்டைகள் மட்டும் ஒரே நிறம்.

"இவங்கள் எல்லாரும் அகதியள்" என்றாள்.

நூறு வருடங்களுக்கு முன், இன்றைய துருக்கியின் கரையில் இருந்த ஒரு துறைமுகப் பட்டினத்தில் இவர்களுடைய முன்னோர் வாழ்ந்தார்கள். போர் வந்தது, பட்டினம் எரிந்தது. தப்பியவர்கள் கிடைத்த கப்பலில் ஏறிக் கிரேக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகம் ஒன்றில் கூடாரங்களிலும் பழைய கிட்டங்கிகளிலும் கிடந்தார்கள். ஊர்க்காரர் அவர்களை வேற்றாராகவே பார்த்தார்கள். வீடு கட்டுமுன்பே அவர்கள் ஒரு வெறுங்காணியில் கோல் கம்பம் நட்டார்கள். கழகத்துக்குத் தங்கள் எரிந்த பட்டினத்தின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயரில் இன்று உலகப் படத்தில் ஊர் கிடையாது. துருக்கியில் அதற்கு வேறு பெயர். பழைய பெயர் ஒரு பந்தாட்டக் கழகத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

ஒரு நகரத்தின் பெயரை ஒரு பந்து நூறு வருடமாக உருட்டிக்கொண்டு வந்திருக்கிறது!

பிறகு அவள் மற்றதையும் சொன்னாள். சில வருடங்களுக்கு முன் கழகம் கடனில் மூழ்கியது. சட்டப்படி கலைக்கப்பட்டது. புதிதாக ஒரு நிறுவனம் பதிந்து, பழைய பெயரோடு 'புதிய' என்ற சொல்லைச் சேர்த்து, ஆகக் கீழ்ப் பிரிவிலிருந்து ஆடத் தொடங்கினார்கள். அதே நிறம், அதே மைதானம். அன்றோடு ஸ்டாவ்ரோஸ் மன்றத்துக்கு வருவதை நிறுத்தினார். கழகம் செத்துவிட்டது, செத்தவனின் சட்டையை வேறொருவன் போட்டுக்கொண்டு திரிகிறான் என்றார். மகளோ அந்தப் புதிய கழகத்துக்கு மன்றத்தைத் திறந்து வைத்தாள். வீட்டில் இருவரும் எல்லாம் கதைப்பார்கள், இதைத் தவிர.

அன்றைய போட்டியில் வென்றால் கழகம் இரண்டாம் பிரிவுக்கு ஏறும். தோற்றாலோ சமநிலையானாலோ எதிரணி ஏறும். கிரேக்கத்தில் மாலை ஐந்து, எங்களுக்குக் காலை பத்து. ஊதல் ஒலித்தது.

அரை மணிக்குள் எதிரணி ஒரு கோல் போட்டது. அறை அப்படியே சுருங்கிப் போனது. இடைவேளையில் எனக்கு மூச்சு முட்டியது. படியேறி வெளியே வந்தேன். காரின் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எத்தனை?" என்றார் ஸ்டாவ்ரோஸ், என்னைப் பார்க்காமல்.

"பூச்சியத்துக்கு ஒண்டு. பின்னுக்கு நிக்கிறம்."

"நிக்கிறாங்கள்" என்று திருத்தினார். பிறகு, "இடது பக்கத்தைத் திறந்து விடுறாங்களோ?" என்று கேட்டார்.

"ஓம். எப்பிடித் தெரியும்?"

"அவங்கள் எப்பவும் இடது பக்கத்தைத்தான் திறந்து விடுவாங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் மீசை அசைந்தது. பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்துவிட்டார். குளிருக்கு ஏறி உட்கார்ந்தேன்.

ஏனோ அவரிடம் நாவலடியைப் பற்றிச் சொன்னேன். மட்டக்களப்பில், ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாக ஒடுங்கிக் கிடந்த எங்கள் கிராமம். சுனாமி அன்று அது இல்லாமல் போனது. எங்கள் அம்மாவும் போனார். மிஞ்சியவர்களைக் கடலிலிருந்து தள்ளி, திராய்மடுவில் குடியேற்றினார்கள். எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தில் ஆட ஆள் இல்லை. பாதி அணிகூட மிஞ்சவில்லை. அடுத்த வருடம் பக்கத்து ஊர்க் கழகம் ஒன்று போட்டிக்குக் கூப்பிட்டது. ஆள் போதாது என்றோம். அவர்கள் தங்கள் ஆட்களில் ஆறு பேரை எங்கள் சட்டையைப் போடவைத்து எங்கள் பக்கம் விட்டார்கள். நாவலடியின் பெயரில், நாவலடி இல்லாத மைதானத்தில், நாவலடியில் பிறக்காத பெடியங்களும் சேர்ந்து ஆடினார்கள். நான் கோட்டருகே கொடி பிடித்து நின்றேன்.

"அது பழைய கழகமோ, புதுசோ?" என்றார் ஸ்டாவ்ரோஸ்.

"தெரியாது. அண்டைக்கு ஒருத்தரும் அதைக் கேக்கல்ல. கோல் போட்ட நேரம் எல்லாரும் நாவலடி எண்டு கத்தினாங்க. நானும் கத்தினன், கொடி பிடிக்கிற ஆள் கத்தக்கூடாது எண்டதை மறந்துபோய்."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மன்றத்தின் வாசலைப் பார்த்தார். நான் நன்றி சொல்லி இறங்கிக் கீழே போனேன்.

இரண்டாம் பாதியின் நடுவில் கழகமும் ஒரு கோல் போட்டுச் சமப்படுத்தியது. கதிரைகள் சரிந்தன, முன்பின் தெரியாத ஒரு கிழவி என் கன்னத்தில் முத்தமிட்டாள். அந்தக் கூச்சலுக்குள் நான் வாசலைப் பார்த்தேன். ஸ்டாவ்ரோஸ் கடைசிப் படியில் நின்றார். கையில் வெறும் தட்டு ஒன்று. அதை எடுக்கத்தான் வந்தவர் போல. டெஸ்பினாவும் கண்டாள். பக்கத்துக் கதிரையில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் உட்காரவில்லை.

முடிய இரண்டு நிமிடம். வலப்பக்கமிருந்து பந்து உயர்ந்து வந்தது, ஒருவன் தலையால் முட்டினான், வலைக்குள் விழுந்தது. நிலவறை வெடித்தது. ஆனால் திரையில் கோட்டு நடுவரின் கொடி மேலே நின்றது. ஓஃப்சைட்.

ஐம்பது முகங்களும் என் பக்கம் திரும்பின. "நடுவர்! நீ சொல்லு! கோல்தானே?"

திரையில் அந்தக் காட்சியை மறுபடி போட்டார்கள். ரஜீவன் என் கையைப் பிடித்து, "அக்கா, பாத்துச் சொல்லுங்க" என்று தமிழில் முணுமுணுத்தான். பார்த்தேன். அரை அடி முன்னால் நின்றான் பாவி. பொய் சொல்ல என் நாக்கு வரவில்லை.

"ஓஃப்சைட்தான்" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தபடி நின்றார்கள். அப்போது படிப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அவ சொல்றது சரி. எங்கட பிள்ளை அவசரப்பட்டுட்டான்."

டெஸ்பினா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அறையில் அவர் குரல் கேட்டு வருடங்களாகியிருந்தன.

போட்டி சமநிலையில் முடிந்தது. கழகம் ஏறவில்லை. திரையை அணைத்தார்கள். சிலர் அழுதார்கள். போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் அசையவில்லை, எல்லோரும் ஸ்டாவ்ரோஸைப் பார்த்தார்கள். அவர் தட்டைக் கீழே வைத்தார், தொண்டையைச் செருமினார், ஒரு சொல்லை உரத்துக் கூப்பிட்டார். அறையின் மூன்று மூலைகளிலிருந்து பதில் வந்தது: "எதோ!"

டெஸ்பினா என் காதோடு சொன்னாள். அவர் கூப்பிடுவது எரிந்த பட்டினத்தின் தெருக்களை. தோல் பதனிடுவோர் தெரு. மேல் கிணற்றடி. புனித நிக்கலஸ் கோவிலடி. எந்தத் தெருவிலிருந்து எந்தக் குடும்பம் வந்ததோ அந்தக் குடும்பம் பதில் சொல்லவேண்டும். மூத்தவர்தான் கூப்பிடலாம். அவர் வராமல் விட்டதிலிருந்து இது நடக்கவேயில்லை.

"எதோ எண்டால்?" என்றேன்.

"இங்கே."

இதோ! எங்கள் இதோவேதான், என் காதுக்கு.

பிரெஞ்சு மட்டும் கதைக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் எதோ என்றார்கள். ஒருவரும் கண்ணால் காணாத தெருக்களுக்கு. பிறகு அவர் ஒரு பெயரைக் கூப்பிட்டார்; பதில் வரவில்லை. உப்புத்துறை. அந்தத் தெருவில் ஒரு குடும்பமும் மிஞ்சவில்லையாம். அவர் இரண்டாம் தரம் கூப்பிட, முழு அறையும் ஒன்றாக, "எதோ!" என்றது. சுவர்ப் படங்கள் அதிர்ந்தன. நானும் சொன்னேன். என் குரல் எப்போது அதில் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது.

பன்னிரண்டரைக்குப் புறப்பட்டோம். தகப்பனும் மகளும் ஒரே தட்டில் மிச்சக் கீரைப் பலகாரத்தைப் பிய்த்துத் தின்றபடி, இடது பக்கத்துக்கு அடுத்த வருடம் யாரைப் போடலாம் என்று கிரேக்கத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மெற்றோவில் நானும் தம்பியும் அருகருகே இருந்தோம். ஊரில் நாங்கள் இப்படி ஒன்றும் செய்வதில்லை என்று யோசித்தேன். நாவலடிக்கு இன்றும் சைக்கிளில் போகலாம். போய்ப் பார்க்கக்கூடிய இடத்தை ஏன் கூப்பிடவேண்டும்? ஆனால் சுனாமிக்குப் பிறகு ரஜீவன் அங்கே போனதில்லை. அவன் கனடாவுக்கு வந்த இத்தனை வருடத்தில் அந்த ஊரின் பெயரை அவன் வாயால் நான் கேட்டதும் இல்லை.

அக்காடி நிலையம் கடந்ததும் அவன் கேட்டான்: "முகத்துவாரப் பக்கமிருந்து வந்தா முதல் வீடு ஆர்ட அக்கா?"

சொன்னேன். அடுத்ததை அவன் சொன்னான். அதற்கடுத்த வீட்டில் இருவரும் முரண்பட்டோம். மாமரம் நின்ற வளவு, வலை காயப்போடும் வளவு, எங்கள் வீடு. அதற்கப்பாலும் அவனே தொடர்ந்தான்.

நீலப் பாதை ஸ்னோடனில் முடிகிறது. கதவுகள் திறந்தன, பெட்டி வெறுமையானது. நாங்கள் மாறவேண்டிய இடம்.

"இறங்குவம், எழும்பு" என்றேன்.

"பொறுங்க அக்கா" என்றான் ரஜீவன். "கிணத்தடி வீட்டை விட்டுட்டம்."