மாமியார் கட்டிய பிராது

என் இரைப்பையைச் சுருக்கப்போகும் டாக்டர் மீது என் மாமியார் சாமியிடம் பிராது கட்டிவிட்டு வந்தார். ஒளிவு மறைவெல்லாம் இல்லை. கோயிலிலிருந்து நேரே அடுப்படிக்கு வந்து, மோர் கலக்கிக்கொண்டிருந்த என்னிடம் சொன்னார்.

“கட்டிட்டேன். மெட்ராஸ் வரைக்கும் சாமி போவணுமேன்னு வழிச்செலவுக்கும் சேத்துப் போட்டுட்டு வந்துருக்கேன். இனிமே அந்த டாக்டரு கத்தியத் தூக்குனா கை நடுங்கும் பாரு.”

மணவாளநல்லூர் கோயிலில் யார் வேண்டுமானாலும் யார் மேல் வேண்டுமானாலும் புகார் எழுதிப் பொட்டலமாக மடித்துக் கட்டிவிட்டு வரலாம். ஆடு திருட்டுப் போனவர்கள் கட்டுவார்கள். பங்காளிச் சண்டைக்காரர்கள் கட்டுவார்கள். வேண்டாமென்றால் கட்டியவரேதான் போய் வாபஸ் வாங்க வேண்டும். நான் விலங்கியல் படித்தவள். இதற்கெல்லாம் பயப்படக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் நினைவில்லாமல் கிடக்கும் நேரம் பார்த்து அந்தக் கை நடுங்கினால்? மோரைக் குடித்தேன். உப்புப் போட மறந்திருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் இப்படி ஓர் ஆபரேஷன் இருப்பதையே விருத்தாசலத்தில் பலர் நம்பவில்லை. பையன் பிறந்தபின் ஏறிய உடம்பு இறங்கவேயில்லை. சர்க்கரை வந்தது. அவனைத் துரத்திக்கொண்டு தெருமுனை வரை ஓட முடியாது. வீட்டு எடை மெஷினில் முள் கடைசிக் கோட்டில் போய் இடித்துக்கொண்டு நிற்கும். அதனால் ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரின் பீங்கான் பட்டறைக்குப் போய், களிமண் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்பேன். ஆள் இருக்காது, மாமியார் இருப்பார்.

“மெதுவா ஏறு. மூட்டைன்னா கிழிஞ்சா தெச்சிக்கலாம், தராசு ஒடஞ்சா யாரு வாங்கிக் குடுக்கறது?”

இப்படிப் பேசுகிறவர் நான் இளைப்பதற்காவது சம்மதிக்க வேண்டாமா? மாட்டார். கடவுள் கொடுத்த குடலை அறுப்பது பாவமாம், வாயைக் கட்டினால் தானாக இறங்குமாம். அதைச் சொல்லிக்கொண்டே தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைப்பார். நானும் மறுப்பு சொல்லாமல் சாப்பிட்டுவிடுவேன்.

சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் கவுன்சலிங் கொடுக்கும் ஒரு அம்மா என் மனசைப் பற்றிப் பேசினார். “கோபம் வந்தா என்ன செய்வீங்க?” என்று கேட்டார்.

“சாப்பிடுவேன்.”

“இனிமே அது முடியாது. வேற என்ன செய்வீங்கன்னு யோசிச்சுட்டு வாங்க. குழந்தைய யார்கிட்ட விடப்போறீங்கன்னும் முடிவு பண்ணிட்டு வாங்க. பாதி மனசு வீட்டுல இருந்தா ஆபரேஷன் முடிஞ்சு தேறுறது கஷ்டம்.”

முதல் கேள்விக்கு நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆபரேஷனுக்கு முன் கஞ்சித் தண்ணீரும் மோரும் மட்டும் என்று ஆனதும், இத்தனை வருஷம் சோற்றோடு சேர்த்து விழுங்கியதெல்லாம் வாய் வழியாக வெளியே வர ஆரம்பித்தது. தராசுப் பேச்சு மறுபடி வந்தபோது, “நீங்க ஏறிப் பாருங்க அத்த, நாக்கு மட்டும் எவ்ளோ எடன்னு தெரியும்” என்றேன். கணவர் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

இரண்டாவது கேள்விக்கும் பதில் வைத்திருந்தேன். நான்கு வயதுப் பையனைத் திட்டக்குடியில் என் அம்மா வீட்டில் விடுவது. அதை வீட்டில் சொன்ன மறுநாள்தான் மாமியார் பிராது கட்டினார்.

“வாபஸ் வாங்குங்க அத்த” என்று கேட்டேன்.

“புள்ளய இங்க வுட்டுட்டுப் போ, வாங்குறேன்.”

“நான் என்ன போனவ திரும்பி வராமலா இருக்கப்போறேன்?”

“வரலன்னா? ஒங்கம்மா வூட்டுக்காரங்க அவனத் திருப்பிக் குடுப்பாங்களா? சொல்லு பாப்பம்.”

நான் செத்த பிறகு பாகப்பிரிவினை எப்படி என்பது வரை அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சென்னைக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில் பையனுக்குத் துணி எடுத்து வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவர் பின்னாலேயே வந்து, திட்டக்குடி பஸ்ஸின் ஜன்னலைத் தட்டி, “என் பேரனத் தூக்கிட்டுப் போறா, கேக்க ஆளில்லியா?” என்று கத்தினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பையன் பாதி வழி வரை “ஆயாகிட்டப் போவணும்” என்று பாட்டியைக் கேட்டு அழுதான்.

அம்மா வீட்டில் வாசலிலேயே அழுகை தொடங்கியது. எனக்குப் பிடிக்குமென்று இறால் தொக்கு செய்து வைத்திருந்தார். ஒன்றும் தின்னக் கூடாது என்று போனில் சொல்லியிருந்தேன்.

“ஒரு வாய் தின்னுடி. இனிமே எங்க இதெல்லாம்.”

“கூடாதும்மா.”

“டாக்டரு என்ன பக்கத்துலயா ஒக்காந்துருக்கான்? நாளைக்கு என்ன ஆவுமோ, ஆச தீர ஒரு வாய்.” சொல்லும்போதே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்காவும் வந்து நின்று என் பையனின் தலையைத் தடவி, “இந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துமா இவளுக்கு இப்டி ஒரு ஆச?” என்றார். அவன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்து கேட்டான்:

“நீ செத்துப் போயிருவியாம்மா?”

அம்மா இன்னும் சத்தமாக அழுதார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை. நான்தான் சொன்னேன். அவன் நம்பவில்லை. தொக்கின் வாசனை மூக்கில் ஏறி, கை தானாகத் தட்டுப் பக்கம் போனது. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் தின்றிருப்பேன், தின்றபின் ஆபரேஷனே வேண்டாம் என்றிருப்பேன். பையனையும் துணிப்பையையும் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். “பெத்தவ வூட்டுச் சோறு கசக்குதா?” என்று அம்மா தெரு வரை வந்து திட்டினார். பஸ்ஸில் முழுக்க எனக்குக் குழப்பம்தான். பெற்ற தாயை அழவிட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டில் கத்தின மாமியாரிடம் பிள்ளையைக் கொண்டுபோகிறேனே, எனக்குப் புத்தி இருக்கிறதா?

மாமியார் கதவைத் திறந்து எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏன், அங்க சோறு போடலியா?”

பையனை அவர் பக்கம் தள்ளினேன். அவன் அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டான்.

“யாரு, ஒங்கம்மாவா? அவ எங்கடா சாவா! வயித்தத் தெச்சிக்கிட்டு, முன்ன விட வாய் நீளமா வந்து எங்கிட்ட சண்டைக்கு நிப்பா பாரு.”

பையன் சிரித்தான். அன்று முழுவதும் அவன் சிரித்தது அப்போதுதான்.

“அப்போ வாபஸ்?” என்று கேட்டேன்.

“நாளைக்கா? எனக்கு முட்டி வலி. வந்தப்புறம் நீயே என்னக் கூட்டிட்டுப் போ. அதுவரைக்கும் கெடக்கட்டும்.”

“கெடக்கட்டும்” என்றேன்.

மறுநாள் ரயிலடிக்கு அவர் வரவில்லை. பையனையும் அனுப்பவில்லை. அதற்காகக் கோபப்பட்டுக்கொண்டே சென்னை போய்ச் சேர்ந்தேன். கவுன்சலிங் அம்மா மறுபடி கேட்டபோது, குழந்தையை மாமியாரிடம் விட்டிருக்கிறேன், அவரை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது என்று சொல்லிவிட்டு ஆபரேஷன் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.